பொட்டல் என்று விற்கப்பட்ட நிலம்: செட்டிநாட்டுக் கிராமம் ஒன்றும் ஒரு டேட்டா சென்டர் திட்டமும்

காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் ஒரு கிராமத்தில் 2025ஆம் ஆண்டு நடந்ததை இங்கே எழுதுகிறேன். ஊர் பெயர், ஆட்கள் பெயர், நிறுவனத்தின் பெயர் எதுவும் இதில் இல்லை. நில விவகாரம் இன்னும் முழுதாக முடியவில்லை, ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒரே தெருவில்தான் குடியிருக்கிறார்கள் என்பதால் இப்படி. மனு எழுதவும் தண்ணீர்க் கணக்குப் போடவும் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்தவன் நான், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

செட்டிநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மணிமுத்தாறு, தேனாறு, பாம்பாறு, சருகணியாறு எல்லாமே மழைக்காலத்தில் மட்டும் தண்ணீரைப் பார்ப்பவை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைக் கண்மாயில் பிடித்து, அது பெருகி மறுகால் போனால் அடுத்த கண்மாய்க்கு, அதுவும் பெருகினால் அதற்கடுத்த கண்மாய்க்கு என்று இறக்கிக்கொண்டே போவதுதான் இங்கே பாசனம். குடிதண்ணீருக்கு ஊருணி தனி. காரைக்குடி நகரத்துக்குச் சம்பை ஊற்று இருக்கிறது, கிராமங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் சொல்லும் ஊருக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வரும். மற்ற நாளில் போர்த் தண்ணீர்தான், கோடையில் அது உப்புக் கரிக்கும்.

ஊருக்கு மேற்கே செம்புராங்கல் மேடு ஒன்று இருக்கிறது. நாற்பது ஏக்கர் சொச்சம். விதைத்தால் எதுவும் வராது, ஆடு மாடு மேயும், ஊர்க்காரர்கள் பொட்டல் என்பார்கள், வருவாய்த் துறைப் பதிவேட்டில் தரிசு. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஒரு பெரிய குடும்பத்தின் பங்காளிகள், பாதிப் பேர் சென்னையில், மீதிப் பேர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும். பெரிய வீட்டைப் பூட்டிப்போட்டு வருடத்துக்கு ஒருதடவை படைப்பு வழிபாட்டுக்கு வந்து போகிறவர்கள்.

இந்தப் பொட்டலைப் பற்றி ஒன்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். இந்த மேட்டுச் செம்புராங்கல் கெட்டியானது, மழை பெய்தால் பெரும்பகுதித் தண்ணீர் உள்ளே இறங்காமல் சரிவில் ஓடிவிடும். அப்படி ஓடி வருகிற தண்ணீர்தான் கீழே இருக்கும் கண்மாய்க்கு வரத்து. மூன்று வரத்துக்கால் வழியாக அது இறங்கும். மூன்றில் ஒன்றுதான் புல வரைபடத்தில் ஓடையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது, மற்ற இரண்டும் தண்ணீரே அறுத்துக்கொண்ட பாதை, காகிதத்தில் கிடையாது. வெள்ளாமை வைக்க முடியாத அந்த நிலம்தான் ஆயக்கட்டு முழுவதற்கும், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம் அத்தனைக்கும், மழையை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

நிலம் கை மாறியது

2024 கடைசியில் புரோக்கர்கள் வர ஆரம்பித்தார்கள். சோலார் என்றார்கள், அப்புறம் கிடங்கு என்றார்கள். பங்காளிகளில் சிலர் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், சிலர் முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். ஊரில் யாருக்கும் இது பெரிய விஷயமாகப் படவில்லை, பொட்டல்தானே போகட்டும் என்றுதான் இருந்தார்கள். 2025 பங்குனியில் கல்தூண் நட்டு முள்கம்பி கட்டி, ஜேசிபியை இறக்கி ஒரு ஓரத்தைச் சமப்படுத்தத் தொடங்கியபோதுதான் ஒரு நீர்ப்பாய்ச்சி முதலில் கேட்டார். மடை திறப்பதும் தண்ணீர் பங்கு வைப்பதும் அவருடைய குடும்ப வேலை. வேலி போட்ட இடத்தில் வரத்துக்கால் இரண்டு அடைபட்டிருப்பதை அவர்தான் பார்த்தார். என்ன வரப்போகிறது என்று கேட்டதற்கு மேஸ்திரி, "கம்ப்யூட்டர் கம்பெனிங்க ஐயா" என்றிருக்கிறார்.

அடுத்த சில நாளில் நிறுவனத்தின் சார்பில் ஒரு துண்டறிக்கை வந்தது. முதல் கட்டமாக 10 மெகாவாட் டேட்டா சென்டர் (தகவலைச் சேமித்து வைக்கும் கம்ப்யூட்டர்களை வரிசையாக அடுக்கி இரவு பகலாக ஓட்டும் கட்டிடம்), பசுமைத் தொழில்நுட்பம், உள்ளூர் வேலைவாய்ப்பு, சுற்றுமுறைக் குளிரூட்டல் என்பதால் தண்ணீர்த் தேவை மிகக் குறைவு, மழைநீர் முழுவதும் வளாகத்துக்குள்ளேயே சேகரிக்கப்படும் என்று அதில் இருந்தது. எத்தனை லிட்டர், எங்கிருந்து என்பது எங்கேயும் இல்லை.

தண்ணீர்க் கணக்கு

டேட்டா சென்டருக்கு எதற்குத் தண்ணீர் என்று ஊரில் பலரும் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். கம்ப்யூட்டர்கள் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாக மாறும், அந்தச் சூட்டை வெளியேற்றியாக வேண்டும். சுற்றுமுறை என்று சொல்வது கட்டிடத்துக்குள் குழாயில் சுற்றிக்கொண்டே இருக்கும் தண்ணீரை. அது செலவாகாது, உண்மை. ஆனால் அந்தத் தண்ணீர் சுமந்து வரும் சூட்டை வெளியே எப்படி விடுகிறார்கள் என்பது வேறு விஷயம். விசிறி வைத்துக் காற்றில் விட்டால் தண்ணீர் அதிகம் வேண்டாம், மின்சாரம் கூடுதலாகும், அதுவும் சித்திரை வெயிலில் ரொம்பவே கூடும். குளிர்கோபுரம் வைத்தால் மின்சாரம் குறையும், தண்ணீர் ஆவியாகிப் போகும்.

ஒரு யூனிட் மின்சாரத்தின் சூட்டை ஆவியாக்கி வெளியேற்ற ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும், இது பள்ளிக்கூட இயற்பியல் கணக்கு. 10 மெகாவாட் முழுச் சுமையில் ஓடினால் ஒரு நாளைக்கு 2,40,000 யூனிட். எல்லாச் சூட்டையும் கோபுரத்திலேயே விட்டால் 3,60,000 லிட்டர் ஆவியாகும். அதோடு முடியாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக மிச்சத்தில் உப்பு ஏறும், அதை அவ்வப்போது திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். உப்பு நான்கு மடங்கு ஏறும்வரை பொறுத்தாலும் இன்னொரு 1,20,000 லிட்டர். ஆக 4,80,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் நாற்பது நடை. ஜல் ஜீவன் திட்டம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது, அந்தக் கணக்கில் எட்டாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஆகிற தண்ணீர் இது. நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் ஏற்கெனவே உப்பு என்பதால் நான்கு மடங்குவரை போகவும் விடாது, வெளியே விடும் உப்புத் தண்ணீர் அதிகமாகத்தான் ஆகும், அதுவும் சரிவில் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

இது உச்சபட்சக் கணக்கு என்பதை எல்லாக் கூட்டத்திலும் சொன்னோம். காற்றுக் குளிரூட்டல் வைத்தால் இதில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. எங்களுக்கு வேண்டியிருந்தது, இரண்டில் எது என்று எழுத்தில் ஒரு பதில்.

வெளியூர்களில் என்ன நடந்தது என்று இளைஞர்கள் தேடிப் பிடித்தார்கள். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் தி டேல்ஸ் என்ற சின்ன நகரத்தில் கூகுள் மையங்கள் எடுக்கும் தண்ணீரின் அளவை ரகசியம் என்று வைத்திருந்தார்கள். செய்தித்தாள் ஒன்று கேட்டு, விஷயம் வழக்குவரை போய், 2022இல் வெளியே வந்தபோது நகரம் செலவழிக்கும் தண்ணீரில் கால் பங்குக்கு மேல் அங்கே போனது தெரிந்தது. சிலியில் சாந்தியாகோ நகரத்தில் கூகுள் திட்டத்துக்குக் கொடுத்த அனுமதியைச் சுற்றுச்சூழல் நீதிமன்றம் 2024இல் ஒரு பகுதி ரத்து செய்தது, அதே ஆண்டு நிறுவனம் காற்றுக் குளிரூட்டலோடு புதிதாக ஆரம்பிப்பதாகச் சொன்னது. இதைப் படித்த பிறகுதான் கேட்டால் பதில் வாங்கலாம் என்ற தைரியம் ஊருக்கு வந்தது. அதைவிடப் பக்கத்து உதாரணமும் இருந்தது. மேலூர் அருகே அரிட்டாபட்டிப் பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலம், கிராம சபைத் தீர்மானங்களுக்கும் பெரிய போராட்டத்துக்கும் பிறகு 2025 ஜனவரியில்தான் ரத்தாகியிருந்தது.

ஊருக்குள் இருந்த பிளவு

ஊரே ஒன்றாக நின்றது என்று எழுதினால் அது பொய். பாலிடெக்னிக், இன்ஜினியரிங் முடித்துவிட்டுத் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிற பிள்ளைகள் இந்த ஊரில் நிறைய. நம் ஊரிலேயே கம்ப்யூட்டர் கம்பெனி வருகிறது, அதையும் கெடுக்கிறீர்களா என்று அவர்கள் கேட்டதில் கோபம் மட்டும் இல்லை, வலியும் இருந்தது. கட்டி முடித்த பிறகு நிரந்தர வேலை எத்தனை என்று நிறுவனத்தின் ஆளிடம் அவர்களே நேரில் கேட்டார்கள். ஐம்பது அறுபது பேர், அதில் காவலும் துப்புரவும் அடக்கம் என்று அவர் சொன்னபிறகு பாதிப் பேர் அமைதியானார்கள். மீதிப் பேர் கடைசிவரை மாறவில்லை, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு தரப்பு, கிணறும் நல்ல போரும் வைத்திருந்தவர்கள். லாரிக்குத் தண்ணீர் விற்கலாம் என்று ஒரு புரோக்கர் அவர்களிடம் தனியாகப் பேசியிருந்தார். இந்தப் பேச்சு வெளியே தெரிய வந்ததுதான் முதல் திருப்பம். நிறுவனம் தன் நிலத்தில் ஒரு போர்கூடப் போடாமலே ஊர்த் தண்ணீரை இழுக்க முடியும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

சாலை மறியல் என்றுதான் முதலில் பேச்சு வந்தது. வேண்டாம் என்று முடிவானதற்குக் காரணம் பயம் இல்லை. வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் பையன்கள் மேல் ஒரு வழக்கு விழுந்தால் பாஸ்போர்ட் விசாரணையில் அது வந்து நிற்கும். அந்த விலையைக் கொடுக்கப்போவது பையன்கள், முடிவெடுப்பது பெரியவர்கள் என்பது சரியில்லை என்று ஒரு ஆச்சி அழுத்தமாகச் சொன்னார், யாராலும் மறுக்க முடியவில்லை.

ஆகவே காகிதத்தின் வழி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தாலுகா அலுவலகம், ஊராட்சி ஒன்றியம், நகர் ஊரமைப்புத் துறை மூன்றுக்கும் தனித்தனியாக மனு போட்டார்கள். நில உபயோக மாற்றம் கேட்டிருக்கிறார்களா, தண்ணீருக்கு என்ன வழி காட்டியிருக்கிறார்கள், ஓடையின் மேல் வேலி போட யார் அனுமதி கொடுத்தது. இதைப் போடும்போதுதான் சட்டத்தில் ஒன்று தெரிந்தது. கட்டிடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால்தான் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டும், அப்போதும் கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. ஊர் வாய் திறக்க எங்களுக்குத் தெரிந்து மிஞ்சிய இடம் கிராம சபைதான்.

சாட்சி சேர்ப்பது அடுத்த வேலை. சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது, ஒரு மணி நேரம்கூட இருக்காது. நீர்ப்பாய்ச்சி சொல்லிவைத்திருந்தபடி பிள்ளைகள் குடையோடு ஓடிப்போய், பொட்டலில் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, வேலியில் எங்கே முட்டித் தேங்குகிறது என்று போனில் படம் பிடித்தார்கள். வேலைக்காகத் திட்டத்தை ஆதரித்த பையன் ஒருவனும் அதில் படம் எடுத்தான். பின்னால் எல்லா மனுவையும்விட அந்தப் படங்களுக்குத்தான் மதிப்பு இருந்தது.

தீர்மானத்தின் வாசகத்துக்கு நீண்ட விவாதம் நடந்தது. டேட்டா சென்டரே வேண்டாம் என்று எழுதச் சிலர் சொன்னார்கள். அப்படி எழுதினால் உணர்ச்சிவசப்பட்ட கூட்டம் என்று ஓரம் கட்டிவிடுவார்கள், வேலை கேட்கும் பிள்ளைகளும் எதிரே போய் நிற்பார்கள். கடைசியில் நான்கு விஷயம் எழுதப்பட்டது: மூன்று வரத்துக்காலையும் அளந்து பதிவு செய்யும்வரை நில உபயோக மாற்றம் கூடாது, குளிரூட்டும் முறையும் தண்ணீர் வரும் இடமும் எழுத்தில் வேண்டும், அதிலும் மழை பொய்த்த வருடத்து மே மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று வேண்டும், அந்த நிலத்தில் போர் போடவோ ஊர்க் கிணறுகளிலிருந்து லாரித் தண்ணீர் வாங்கவோ கூடாது. வருடச் சராசரியைக் கேட்டிருந்தால் ஐப்பசி வெள்ளத்தையும் சேர்த்து வகுத்து ஒரு சின்ன எண்ணைக் கொடுத்திருப்பார்கள். மே மாதம் என்று போட்டதால் அந்த வழி அடைபட்டது.

மே 1 கிராம சபை

ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் அந்த ஜனவரியிலேயே முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருந்த நேரம். 500க்கு மேல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊருக்கு கிராம சபையில் குறைந்தது 100 பேர் வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் வந்ததால் அதற்கு மேலேயே கூட்டம் சேர்ந்தது. தீர்மானத்தை முன்வைத்தபோது, இது ஊராட்சி அதிகாரத்தில் வராது, மனுவாகக் கொடுங்கள் என்று சொல்லப்பட்டது. அந்தப் பெண்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். தீர்மானத்தை எழுதுங்கள், வாசித்துக் காட்டுங்கள், அப்புறம் போடுகிறோம் என்றார்கள். கையெழுத்து இல்லாமல் கூட்டமே நடந்ததாகாது. மதியத்துக்குள் தீர்மானம் புத்தகத்தில் ஏறியது, அன்றைக்கே நகலும் வாங்கப்பட்டது.

பேச்சுவார்த்தை

ஆடியில் கோட்டாட்சியர் முன்னிலையில் இரு தரப்பையும் கூப்பிட்டார்கள். நிறுவனத்தின் பொறியாளர் இளைஞர், மரியாதையாகப் பேசினார். வளாகத்துக்குள் விழும் மழையில் ஒரு சொட்டுகூட வீணாகாது, பெரிய குட்டை வெட்டிச் சேமித்துக்கொள்வோம், ஊர் நிலத்தடி நீரைத் தொடவே மாட்டோம் என்றார். அறையில் இருந்த அதிகாரிகளுக்கு அது நல்ல பதிலாகவே பட்டது. உண்மையில் எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் பட்டது.

ஆயக்கட்டில் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் ஒரு அப்பத்தா கேட்டார்: "தம்பி, நீங்க சேத்து வைக்கப்போற மழை, இப்ப எங்க கண்மாய்க்கு வர்ற மழைதானப்பா?"

பொறியாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாங்கம்மா" என்றார். நேர்மையான மனிதர்.

அந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சின் போக்கே மாறிவிட்டது. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறத்தாழ 4,000 லிட்டர். நாற்பது ஏக்கரில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 40 லட்சம் லிட்டர், அந்தச் செம்புராங்கல் மேட்டில் அதில் நல்ல பங்கு சரிவில் ஓடிக் கண்மாய்க்கு வரும். காகிதத்தில் பசுமையாகத் தெரிந்த மழைநீர் சேகரிப்பு, கண்மாய்க்கு வரும் தண்ணீரை மேட்டிலேயே நிறுத்துவதாக இருந்தது. எங்கள் குறுவட்டம் நிலத்தடி நீர்க் கணக்கெடுப்பில் பாதுகாப்பானது என்ற பட்டியலில் இருப்பதையும் நிறுவனம் காட்டியது, ஆனால் இங்கே பிரச்சினை நிலத்துக்கு மேலே ஓடுகிற தண்ணீர் என்பதால் அந்தப் பட்டியலால் யாருக்கும் பதில் கிடைக்கவில்லை. தீர்மானத்துக்குப் பதிலை எழுத்தில் தருகிறோம் என்று நிறுவனத்தார் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பின்பு நடந்தது

ஆவணியில் கடிதம் வந்தது. நவீனக் குளிரூட்டல், உரிய அரசு வழங்கல் மூலம் தண்ணீர் என்று இருந்தது, லிட்டர் இல்லை, மே மாதமும் இல்லை. அதற்கு முன்பே ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதே தீர்மானம் இரண்டாம் முறை போடப்பட்டிருந்தது. சர்வேயர் வந்து அளந்து, வரைபடத்தில் இருக்கும் ஓடையை வேலி குறுக்கே மறிப்பதாக எழுதினார். அந்த இடத்தில் கம்பியை எடுத்துவிட்டார்கள். வரைபடத்தில் இல்லாத இரண்டைப் பற்றி, படங்களைப் பார்த்தபிறகும், எழுத வழியில்லை என்றுவிட்டார்.

புரட்டாசிக் கடைசியில் நில உபயோக மாற்ற விண்ணப்பத்தை நிறுவனம் திரும்பப் பெற்றது தெரியவந்தது. சுத்திகரித்த கழிவுநீர் கிடைக்கும் வேறு இடம் பார்ப்பதாக வாய்மொழியாகச் சொன்னார்கள். ஊர் வெடி போட்டது. தண்ணீர்க் கேள்வி மட்டும்தான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, உயர் அழுத்த மின்பாதை அந்த மேட்டுக்குக் கொண்டுவரும் செலவும் அவர்களை யோசிக்க வைத்திருக்கும் என்பது என் கணிப்பு.

ஐப்பசி மழைக்குத் திறந்துவிட்ட ஓடை வழியாகத் தண்ணீர் வந்தது. ஜேசிபி தள்ளிய மண் மற்றொரு வரத்துக்காலை மூடியே கிடக்கிறது, நிலம் தனியாருடையது என்பதால் யாரும் உள்ளே போய்த் தோண்ட முடியவில்லை. கண்மாய் நிறையவில்லை, மேல்மடை ஆயக்கட்டுக்கு மட்டும் போதும் என்ற அளவில் நின்றது. முன்பணம் வாங்கிய பங்காளிகளுக்குள் கணக்கு தீரவில்லை. வேலை போய்விட்டது என்று நினைக்கும் பிள்ளைகளில் சிலர் தங்கள் சித்தப்பா பெரியப்பாக்களோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

இன்னொரு ஊரில் இதே வந்தால்

வேலி போட்டபிறகு ஆரம்பித்தது இங்கே பெரிய குறை. வரத்துக்கால்களைக் கம்பெனி வருவதற்கு முன்பே, யாருக்கும் யாரோடும் சண்டை இல்லாத நாளில், அளந்து பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம், எந்த அலுவலகத்தில் கேட்பது என்று தெரியாமலே இங்கே ஒரு மாதம் போனது.

வெளியூரில் இருக்கும் பங்காளிகளிடம் யாரும் முதலில் பேசவில்லை. பின்னால் சிங்கப்பூரிலிருந்து போனில் பேசிய ஒருவர், அந்தப் பொட்டலில் இருந்துதான் கண்மாய்க்குத் தண்ணீர் போகிறது என்று எனக்கு யாருமே சொன்னதில்லையே என்றார். அவருடைய ஐயா காலத்தில் அந்தக் கண்மாய்க் கரைக்குக் கல் கட்டிக் கொடுத்தது அவர்கள் குடும்பம்தான்.

பெண்களை மே 1க்குக் கூட்டம் சேர்க்க மட்டும் அழைக்காமல் தீர்மானம் எழுதும் நாளிலிருந்தே உட்கார வைத்திருக்க வேண்டும். மழைநீர்க் குட்டையின் விஷயம் ஆடிவரை ஒளிந்திருந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன், கண்மாயில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நடந்து பார்த்தவர்கள் அவர்கள்.

அப்புறம், எங்கே வரலாம் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் தலா தினம் 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு தண்ணீர் இருக்கும் இடத்தில் டேட்டா சென்டர் வருவதை இந்த ஊரில் யாரும் எதிர்க்கப்போவதில்லை. இதை முதல் கூட்டத்திலேயே சொல்லியிருந்தால் வேலை கேட்ட பிள்ளைகள் இவ்வளவு தூரம் விலகிப் போயிருக்க மாட்டார்கள்.

நிலம் இன்னும் நிறுவனத்தின் பிடியில்தான் இருக்கிறது. கார்த்திகையில் சோலார் என்று சொல்லிக்கொண்டு வேறு புரோக்கர் ஒருவர் வந்து போனார். மிச்சமுள்ள இரண்டு வரத்துக்காலையும் புல வரைபடத்தில் சேர்க்கச் சொல்லி, கோடை மழைப் படங்களை இணைத்து ஊர்க்காரர்கள் கொடுத்த மனு தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது, அடுத்த கிராம சபைக்கு அதையே முதல் பொருளாக வைக்கக் கேட்டிருக்கிறார்கள்.